உப்புத் தண்ணீர் ஊரில் தொட்டி மாற்றுவது

வீட்டுக்குள் செடி வைத்திருப்பவர்கள் "தொட்டி மாத்தணும், எந்த மண்ணு போடலாம்?" என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். போர் தண்ணீரா, குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரா, இரண்டும் கலந்து மாடித் தொட்டியில் ஏறுகிற தண்ணீரா? தருமபுரியில் இதைக் கேட்காமல் மண்ணைப் பற்றிப் பேச முடியாது. யூடியூபில் சொல்லப்படும் மண் கலவைகளில் பெரும்பாலானவை நல்ல தண்ணீர் கிடைக்கிறவர்களுக்குப் பொருந்துபவை. நமக்கு எந்த மண், எந்தத் தொட்டி என்பதை முதலில் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது ஸ்பைடர் செடி. ஓசூரில் இருக்கும் அக்கா வீட்டில் அதன் தாய்ச்செடி இருக்கிறது. தொங்கும் குட்டிகளைக் கிள்ளி அவ்வப்போது கொடுத்தனுப்புவாள். அங்கே அது நுனிவரை பச்சையும் வெள்ளையுமாக அத்தனை சுத்தமாக இருக்கும். அதே செடியின் குட்டி எங்கள் வீட்டில் வேர் பிடித்துச் சில மாதங்கள் ஆனால் போதும், நுனி பழுப்பாகிக் காய ஆரம்பித்துவிடும். டிரசீனாவுக்கும் அதே கதி. பார்த்தவர்கள் தண்ணீர் போதவில்லை என்றார்கள், வெயில் என்றார்கள், உரம் கூடிவிட்டது என்றார்கள். செடி இருந்தது வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படவே படாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இதில் கணக்கில் எடுக்கவேண்டிய பெரிய வித்தியாசம் ஒன்றுதான். அக்கா பிடித்துவைத்த மழைத் தண்ணீரை ஊற்றுகிறாள், இங்கே போர் தண்ணீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். அடியில் இருக்கும் பாறையின் கனிமங்களிலிருந்து அது கரைந்து வருகிறது. பல்லில் பழுப்புக் கறை ஏறிய பெரியவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இதுதான் பெரிய காரணம். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. செடிக்கு ஊற்றுவது இன்றும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான்.

வேர் உறிஞ்சும் நீரோடு ஃபுளோரைடும் மேலே ஏறும். நீர் இலையிலிருந்து ஆவியாகிப் போய்விடும், ஃபுளோரைடு மட்டும் நுனியிலும் ஓரத்திலும் தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓர் அளவுக்கு மேல் அந்த இடம் செத்துவிடும், திரும்பப் பச்சையாகாது. ஸ்பைடர், டிரசீனா, கார்டிலைன், பீஸ் லில்லி ஆகியவற்றுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும். மணி பிளான்ட், இசட் இசட் செடி, பாம்புச் செடி ஆகியவை எங்கள் வீட்டில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. புதிதாகச் செடி வாங்கும் போர் தண்ணீர்க்காரர்களுக்கு முதலில் இந்த மூன்றைத்தான் சொல்வேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ராத்திரி முழுக்க வாளியில் பிடித்துவைக்கும் பழக்கம் குளோரினுக்கு ஓரளவு உதவும், இதற்கு உதவாது. ஆர்.ஓ. தண்ணீரில் நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுகிறார்களே, அதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். வடிகட்டி எடுத்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவலாம், பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கிட்டத்தட்ட மழைத் தண்ணீர் மாதிரி உப்பில்லாதது, பீஸ் லில்லிக்கு அருமையானது. உங்கள் போரில் எவ்வளவு இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். செடியை விடுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்காகவே அதைப் பார்த்து வைப்பது நல்லது.

சரி, தொட்டிக்கு வருவோம். தொட்டி மாற்றுவது என்றால் பெரிய தொட்டிக்கு மாற்றுவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய காரணம், போர் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடோடு சேர்ந்து மண்ணில் தங்கிவிட்ட உப்பை வெளியேற்றுவது. செடி அதே அளவில் இருந்தாலும், மண்ணின் மேலே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால், தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு பூசினதுபோல் படிந்திருந்தால், அதே தொட்டியைக் கழுவிப் புது மண் போட்டு அதிலேயே வைத்துவிடலாம். பெரிய தொட்டி வேண்டும் என்பதற்கு அடையாளம் வேறு: அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கும், ஊற்றும் தண்ணீர் நிற்காமல் நேராகக் கீழே ஓடிவிடும், காலையில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் இலை தொங்கும். அப்போதும் ஒன்றிரண்டு இஞ்ச் பெரிய தொட்டி போதும். 6 இஞ்ச் தொட்டியில் இருந்ததை 12 இஞ்சுக்கு மாற்றினால், வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும், வேர் அழுகிவிடும். இசட் இசட்டும் பாம்புச் செடியும் இப்படித்தான் அதிகம் செத்துப்போகின்றன.

மண்தான் நான் அதிக நேரம் செலவிடும் இடம். நம் செம்மண் நிலத்தில் தங்கம். ஆனால் தொட்டியில் தனியாகப் போட்டால் நனையும்போது பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும், காய்ந்தால் கட்டியாகித் தொட்டியின் சுவரை விட்டு விலகிவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே வழிந்துவிடும், நடுவில் வேருக்குச் சொட்டுக்கூடப் போகாது. நிலத்தில் மண்புழுவும் மற்ற வேர்களும் மண்ணைத் திறந்து வைத்திருக்கின்றன. தொட்டியில் அந்த வேலைக்கு ஆளில்லை. அதனால் செம்மண்ணைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. அதுவும் உயரமான செடி சாயாமல் நிற்கக் கொஞ்சம் கனம் வேண்டும் என்பதற்காக, சலித்துத்தான்.

அடிப்படைப் பொருள் தேங்காய் நார்க்கழிவு, அதாவது கோகோபீட். போச்சம்பள்ளி, பாரூர்ப் பக்கம் தென்னந்தோப்பு நிறைய, அதனால் நமக்கு இது பக்கத்திலேயே கிடைக்கும் பொருள். ஆனால் நார் மில் வாசலில் குவிந்து கிடக்கும் பச்சைக் கழிவை அள்ளிவந்து நேராகத் தொட்டியில் போடக்கூடாது. அது மட்குவதற்கு மண்ணிலிருந்தே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும். வேளாண் பல்கலைக்கழகத்தினர் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் போட்டு அதை மட்கவைக்கச் சொல்லித்தருகிறார்கள். நாலைந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வேலை எதற்கு, கட்டியாக விற்கும் கோகோபீட்டே போதும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் சுமார் 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும், ஒரு வீட்டுக்கு ரொம்ப நாளைக்கு வரும்.

கட்டியையும் கழுவியே ஆகவேண்டும். தேங்காய் நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் இருக்கும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஊற்றுகிற நாம் உப்பு மண்ணையும் சேர்த்தால் செடிக்கு இரட்டை அடி. பெரிய டப்பில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி பிழிய வேண்டும். முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும் வரை செய்யுங்கள். முதல் அலசலுக்குப் போர் தண்ணீரே போதும், கடைசி அலசலை மட்டும் ஒகேனக்கல் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ முடியுங்கள். 'உப்பு நீக்கியது' என்று அச்சடித்த பையில் வருவதையும் ஒருமுறை அலசிவிடுவேன்.

அலசிய கோகோபீட் நாலு பங்கு, நன்றாக மட்கிய மண்புழு உரம் இரண்டு பங்கு, கருக்கிய உமி இரண்டு பங்கு, கால் இஞ்ச் ஜல்லி ஒரு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு. இதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். பெரும்பாலான இலைச் செடிகளுக்கு நான் போடுவது இதுதான். மண்புழு உரத்துக்குப் பதில் மட்கிய பட்டுப்புழுக் கழிவு கிடைத்தால் விடாதீர்கள். மல்பெரி போட்டிருக்கும் விவசாயி யாரையாவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள், பட்டுக்கூடு மார்க்கெட் இருக்கிற ஊர் நம் ஊர். புழு எச்சமும் மல்பெரித் தழை மிச்சமும் சேர்ந்து மட்கியது கருப்பாக, பொலபொலவென்று, வாடையே இல்லாமல் இருக்கும். வாடை வந்தால் இன்னும் மட்கவில்லை, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

உமியில் ஒரு கவனம் வேண்டும். ரைஸ் மில் பாய்லரிலிருந்து வரும் வெளிர் சாம்பல் வேண்டாம், அது காரத்தன்மையைக் கூட்டும், ஈரத்தில் சேறாகி அடைத்துக்கொள்ளும். உமியின் வடிவம் மாறாமல் கருப்பாகக் கருகியதுதான் வேண்டும், அதுதான் மண்ணுக்குள் காற்று போக இடம் விடும். கடைக்காரர்கள் இந்த இடத்துக்குப் பெர்லைட் கொடுப்பார்கள், எரிமலைக் கல்லைச் சூடாக்கிப் பொரியவைத்த லேசான வெள்ளைத் துகள் அது. பெர்லைட் நல்ல பொருள்தான். ஆனால் அதிலேயே கொஞ்சம் ஃபுளோரைடு உண்டு என்பதால் ஸ்பைடர், டிரசீனாவுக்கு நான் அதைப் போடுவதில்லை. சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் உண்டு, அதையும் இந்தச் செடிகளுக்குத் தவிர்த்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் நல்ல பொருளிலேயே இப்படி இருக்கிறது என்பதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பாம்புச் செடிக்கும் இசட் இசட்டுக்கும் கலவையில் பாதிக்குப் பாதி கரடாக இருக்கட்டும்: உடைத்த செங்கல் துண்டு, ஜல்லி, கழுவிய எம்-சாண்ட். கிரஷர் நிறைந்த மாவட்டங்கள் என்பதால் ஜல்லியும் எம்-சாண்டும் நமக்கு எங்கேயும் கிடைக்கும். எம்-சாண்டில் இருக்கும் கல் மாவைத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகும். ஓசூர்க்காரர்கள் எல்லாச் செடிக்குமே ஒரு பங்கு ஜல்லியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். ஊர் உயரம், வெயில் குறைவு, இங்கே மூன்று நாளில் காயும் மண் அக்கா வீட்டில் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம் எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். அது நடப்பதில்லை. தண்ணீர் மெல்லிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குச் சுலபமாக இறங்காது. மண் முழுக்க ஊறி நிரம்பினால்தான் இறங்கும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி தொட்டியின் அடியில் இல்லாமல் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள், சொட்டி நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடினால் வடிகிறது. ஜல்லி போட்டால் மண்ணின் உயரம் குறைகிறது. ஜல்லியை மண்ணோடு கலந்துவிடுங்கள். ஓட்டையில் மண் ஒழுகாமல் இருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்று போதும்.

எந்தத் தொட்டி என்பதில் எனக்கு ஊரார் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. மண் தொட்டிதான் செடிக்கு நல்லது, பிளாஸ்டிக் கெடுதல் என்பார்கள். மண் தொட்டியின் சுவர் வழியாக நீர் ஆவியாகும், வேருக்குக் காற்று கிடைக்கும், உண்மை. பாம்புச் செடி, கற்றாழை இரண்டுக்கும் நானும் மண் தொட்டிதான் சொல்வேன். ஆனால் நீர் ஆவியாகிப் போகும்போது உப்பு சுவரிலும் சுவரை ஒட்டிய மண்ணிலும் தங்குகிறது. சீக்கிரம் காய்வதால் அடிக்கடி ஊற்றுகிறோம், ஊற்றும் ஒவ்வொரு தடவையும் புது உப்பு சேர்கிறது. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாத வீட்டில், நுனி கருகும் ரகச் செடிகளுக்குப் பிளாஸ்டிக் தொட்டியே மேல். குறைவாக ஊற்றினால் போதும், குறைவாக உப்பு சேரும். மழைத் தண்ணீர் இருந்தால் மண் தொட்டிக்கே போங்கள்.

மண் தொட்டி வாங்கும்போது தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை விற்கும் பாட்டி ஒருவர் எனக்குச் சொன்னது: "கணீர்னு கேட்டா எடும்மா, பொத்துனு கேட்டா வைச்சுடு." சரியாக வேகாத தொட்டியின் சுவருக்குள் உப்பு படிகமாகிப் படிகமாகிச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். நம் தண்ணீருக்கு இது வேகமாகவே நடக்கிறது. புதுத் தொட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் புது மண்ணின் ஈரத்தை அதுவே குடித்துவிடும். வயிறு பருத்து வாய் குறுகிய தொட்டி பார்க்க அழகு. ஆனால் அடுத்த முறை செடியை வெளியே எடுக்க வேர்க்கட்டியை அறுக்கவேண்டியிருக்கும், இல்லையென்றால் தொட்டியை உடைக்கவேண்டியிருக்கும். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியை வெளி உறையாக மட்டும் வையுங்கள். பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு வைக்கலாம், அரேகா பாமுக்கு 20 லிட்டர் வாளி அருமையாகப் பொருந்தும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வேரைக் கலைக்காதீர்கள். மாசியிலேயே முடித்துவிட்டால் கோடைக்கு முன் வேர் ஊன்றிவிடும், இல்லையென்றால் ஆடி பிறந்தபின். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தொட்டிச் செடிக்கும் பொருந்துகிறது, ஆனால் ஆடிக் காற்று நேராக வீசும் ஜன்னலிலிருந்து மட்டும் தள்ளி வையுங்கள். ஓசூரில் மார்கழி, தைக் குளிரில் தொடவேண்டாம்.

மாடி வீட்டு அத்தையின் பீஸ் லில்லியைப் போன ஆடியில் சேர்ந்து மாற்றினோம். "போன மாசம்தான் உரம் வச்சேன், அப்பவும் கருகுதே" என்று வருத்தப்பட்டார். "உரத்தை விடுங்க அத்தை, முதல்ல வேரைப் பாப்போம்" என்றேன். முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததால் செடி சுலபமாக வெளியே வந்தது. நடுவில் நர்சரியிலிருந்து வந்த களிமண் உருண்டை அப்படியே இருந்தது. தூரத்திலிருந்து லாரியில் வரும் செடிக்கு அந்தக் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, பயணத்துக்குத் தேவைதான். வீட்டுக்கு வந்தபின் அதைச் சுற்றிக் கோகோபீட் கலவையைப் போட்டால் வெளி மண் காய்ந்து உள் உருண்டை ஈரமாக இருக்கும், எப்போது ஊற்றுவது என்றே தெரியாது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து விரலால் மெதுவாகக் கரைத்தோம். கருத்துக் கொழகொழத்த வேர்களை டெட்டாலில் துடைத்த கத்திரியால் வெட்டினோம். வெள்ளை வேர்களைத் தொடவில்லை. முன்பு இருந்த ஆழத்திலேயே நட்டு, விளிம்புக்கு ஓர் இஞ்ச் கீழே மண்ணை நிறுத்தினோம். மண்ணைக் கையால் அமுக்க வேண்டாம், தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். பெப்பரோமியா மாதிரி மெல்லிய வேர்ச் செடிக்கு மட்டும் உருண்டையை முழுக்கக் கரைக்காமல் பாதியோடு நிறுத்துவேன்.

முதல் தண்ணீர் அடியில் வழியும் வரை. பிறகு மேல் மண் ஓர் இஞ்ச் காய்ந்தால் மட்டும். ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது. பழைய இலை இரண்டு மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். கருகின நுனியை வெட்டிவிட்டாலும் அந்த இலையில் பழுப்பு திரும்ப வரலாம். கவனிக்க வேண்டியது புதிதாக விரியும் இலையைத்தான்.

மழை நாளில் கிடைக்கும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள், மூடி போட்டு, கொசு வராமல். அதில் தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்பின் பெரும்பகுதி இறங்கிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் அடிக்கடி தொட்டி மாற்றவேண்டி வராது. வடிந்த தண்ணீரைத் தட்டில் தேங்கவிடாமல் உடனே கொட்டிவிடுங்கள், விட்டால் மண் அதையே மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

எடுத்துப்போட்ட பழைய கலவையைக் குப்பையில் கொட்டவேண்டாம். அழுகின வேர் இருந்தால் அதை மட்டும் பொறுக்கிவிட்டு, மீதியை ஓட்டை உள்ள சாக்கில் போட்டு மொட்டை மாடியில் மழையில் நனையவிடுங்கள். நாலு மழை வாங்கினால் உப்பு இறங்கிவிடும். வாசலில் நிலத்தில் நிற்கும் செம்பருத்திக்கும் முருங்கைக்கும் அடியில் பரப்பிவிடலாம்.